இருவினையொப்பும் கலிய நாயனார் கூலியும்

திருத்தொண்டர் புராணம் அருளிச்செய்த சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர் தொண்டைநாட்டின்கண் உள்ளது. இக்காலத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அதற்கு மேற்கே செம்பரம்பாக்கத்துப் பேரேரியைக் கடந்து செல்வார்க்கு இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும், தென்பால் ஒரகடமும் எதிர்ப்படும். ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இந்நிலப்பரப்பு, முப்பது ஆண்டுகளுக்குள் எந்திரங்களின் நாடாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் செய்யத் தொடங்கினர், ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது, பிறவும் பின்தொடர்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் தோன்றிய தலமாதலின் வைணவர்க்கு மிகச் சிறந்தது என்பது உலகறிந்த செய்தி. அவ்வூர்க்குப் பூதபுரி என்னும் பெயர் உண்மையும், கூத்தப்பெருமான் ஆடியபோது நகைத்த பூதகணங்கள் சந்நிதியினின்று நீக்குண்டு, ஈண்டுத் தவமிருந்து மீளவும் அவன் திருவடி எய்தின என்று தலபுராணம் கூறுதலும் சைவரிற் பலர் அறியாதன. பிழைத்தது ஒரு கணம், நீங்கியிருந்ததோ நெடுங்காலம். வினையும் பயனும் பற்றிய ஆராய்ச்சி இவ்வூர்ப் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது எனலாம்.

இந்நிலத்தில் 2006இல் தொடங்கப்பெற்ற நோக்கியா கைபேசித் தொழிற்சாலை, 2014ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்திற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவருள் சிற்றூர்களிலிருந்து வந்து, தம் வீட்டில் முதன்முதற் கூலி கண்ட இளம்பெண்கள் பலர். இத்தகைய இடர் நேருங்கால் சைவருள்ளும் சிலர், "அவரவர் வினை, யார் என் செய்ய இயலும்?" என்று சொல்லி அமைகின்றனர். சொல்லுவோர் தம் கூற்று நம் சித்தாந்தத்தின் முடிபென்றே கருதுகின்றனர். அதுவே கருதற்பாலதாயின், சைவம் இரக்கமில்லாச் சமயம் என்று புறத்தார் கூறும் பழிக்கு விடையில்லையாம். ஆகலின் அக்கூற்று நூலோடு பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

அவர் தமக்குச் சார்பாகக் காட்டுவது சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரப் பகுதி. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியர் ஆண்டுக் கூறுகின்றார். உண்மையே. ஆயின் செய்யுளை அவ்வளவில் நிறுத்திப் படிப்பதே பிழை. முன்செய்த கன்மம் இவ்வாறற்கும் ஏது என்று கூறிய ஆசிரியர், அதே செய்யுளின் இறுதியில், இனிச் செய்யுங் கன்மம் மேல்வரும் உடலிற் சேரும், இதனைத் தெளிவாயாக என்று மாணாக்கனை நோக்கி முடிக்கின்றார். முற்பகுதி நுகர்ச்சியைப் பற்றியது. பிற்பகுதி செய்கையைப் பற்றியது. நுகர்ச்சியில் உயிர்க்கு உரிமை சிறிது, செய்கையில் அவ்வாறன்று. பிராரத்தத்தைச் சொல்லி ஆகாமியத்தை மறைப்பது அரைச்செய்யுள் ஓதுவார் வழக்கம்.

ஒருவன் பொருளைக் கள்வன் கவர்ந்தான் எனக் கொள்க. பொருள் இழந்தது உடையவனுக்குப் பிராரத்தம். அது கொண்டு கள்வன் குற்றமிலன் ஆவானோ? ஆகான். இழப்பு ஒருவனுக்குப் பழவினையின் பயனாகும் அக்கணத்திலேயே, கவர்ந்த செயல் மற்றொருவனுக்குப் புதுவினையாய் ஏறுகின்றது. அருகே நின்று, "இஃது அவன் வினை" என்று வாளா இருந்தவனுக்கும் அவ்விருப்பு ஒரு வினையே; மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது சித்தாந்தமாகலின், வாய்ச்சொல்லும் கணக்கினின்று தப்பாது. எனவே கூலி கொடுப்போன், அதனை நிறுத்துவோன், ஒப்பந்தத்தால் ஆள் பிடித்து விடுவோன், கண்டிருப்போன் ஆகிய ஒவ்வொருவரும் பிறர் வினையைச் சுட்டித் தம் வினையினின்று நீங்குதல் இயலாது.

அன்றியும், வினை சடம். அது தானே தன் முதல்வனைத் தேடிச் சென்று பற்றாது. செய்தவனிடத்துப் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்று கொண்டதனாற்றான் சைவர் மீமாஞ்சகரோடு மாறுபட்டனர். மீமாஞ்சகர்க்கு வினையே பயன் தரும். இடையில் ஒருவன் வேண்டா. சைவர்க்கோ, மருத்துவன் நோயறிந்து கைப்பும் இனிப்பும் கலந்து கொடுப்பதுபோல, மலநோய் நீங்கும்பொருட்டு முதல்வன் வினைப்பயனை ஊட்டுகின்றான். ஊட்டுதற்குக் காரணம் அருள். மறக்கருணை எனினும் கருணையே. "அவர் வினை, அவர் படுக" என்னும் வன்சொல்லோ மீமாஞ்சகன் வாயிலும் பொருந்தாது. அவனும் அறஞ்செய்க என்றே விதித்தான்.

இதற்கு நூற்பிரமாணமாக ஒரு வரலாறு உண்டு. திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச் செங்குன்றூரை அடைந்தபோது, அந்நாட்டுக்கு இயல்பான பனிநோய் உடன்வந்த அடியார்களைப் பற்றிற்று. கொடிமாடச் செங்குன்றூர் என்பது இக்காலத்துத் திருச்செங்கோடு. குளிரும் சுரமும் வந்தது பழவினையினாலேயே. அதனைச் சுவாமிகளும் மறுத்தாரல்லர். அந்த வினைக்கு இது பயன் என்று சொல்லுகின்றீர். அதனை அறிந்திருந்தும் உய்யும் வழி நாடாதிருப்பது உமக்குக் குறையன்றோ என்னும் கருத்தோடு அவர் திருநீலகண்டப் பதிகத்தைத் தொடங்கினார். அடியார் நோயும் அகன்றது. அந்நாட்டு நோயும் அகன்றது. வினைக்கொள்கையை உடன்பட்டுக்கொண்டே வினையை எண்ணிச் சோம்பியிருத்தலைக் கடிந்த திருவாக்கு இதனினும் தெளிவாக வேறொன்று இல்லை. அப்பதிகத்திலேயே சோலை வைத்தலும் குளந்தொடுதலும் இருபொழுதும் மலரிட்டுப் போற்றுதலும் ஒருங்கே வைத்து எண்ணப்பட்டன. குளந்தொடுதல் பிறர் நீர்வேட்கை தீர்க்கும் செயல், மலரிடுதல் சிவபூசை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்த பெருமான் அவற்றுள் உயர்வு தாழ்வு கூறினாரல்லர். ஏரிகளால் வாழ்ந்த தொண்டைநாட்டார்க்கு இதன் பொருள் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, "பக்குவம் உற்ற ஆன்மா இன்பதுன்பங்களை ஒப்ப நோக்கும் என்பது இருவினையொப்பன்றோ? அவ்வொப்பு வந்தவனுக்குப் பிறர் துன்பமும் துன்பமாகத் தோன்றாதே?" என்னும் வினா எழும். இவ்விடத்தே தடுமாறுவார் பலராதலின் இதனைச் சிறிது விரித்தல் வேண்டும்.

இருவினையொப்பு என்பதற்குப் பழைய உரைகள் ஒன்றாக இல்லை. ஆகமவழி நின்ற வடமொழி ஆசிரியருட் சிலர், ஒத்த வலியுடைய இரண்டு மாறுபட்ட வினைகள் ஒரே காலத்திற் பயன்தர முற்பட்டு, ஒன்றையொன்று தடுத்து நிற்றலே கன்மசாமியம் என்றனர். அந்நிலையிற் சத்தி பதியும் என்பது அவர் கொள்கை. காச்மீரத்து அபிநவகுப்தர் தந்திராலோகத்தில் இதனை எடுத்து நெடிது வாதித்து மறுத்தார். புண்ணியமும் பாவமும் தராசுத் தட்டிற்போல அளவொத்து நிற்றல் என்று தமிழிற் பொருள் கூறியவர்களும் உளர். இன்றும் சொற்பொழிவுகளில் இவ்வுரையே பெரிதும் கேட்கப்படுகின்றது; தராசு கேட்போர்க்கு எளிதில் விளங்குவது போலும்.

திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான சுவாமிகள் இதனை உடன்பட்டாரல்லர். காஞ்சிபுரத்தில் வதிந்து காஞ்சிப்புராண முதற்காண்டம் பாடியவரும், 1785இல் சிவபரிபூரணம் எய்தியவரும் ஆகிய அப்பெரியார், சிவஞான மாபாடியத்தில் இருவினையொப்புக்கு உரைத்த பொருளின் சாரம் வருமாறு: ஒத்தல் வினைகளின் அளவிலன்று, உயிரின் அறிவில். நல்வினைப்பயனில் விருப்பும் தீவினைப்பயனில் வெறுப்பும் கொண்டு அலைந்த அறிவு, பின்னர் அவ்விரண்டனையும் ஒரு நிகரான தளை என உணர்ந்து இரண்டன்கண்ணும் ஒப்ப உவர்ப்புக் கொள்ளும். பொன் விலங்கும் இரும்பு விலங்கும் விலங்காதலில் ஒக்கும் என்று காண்பதே இது.

இவ்வுரையின் சிறப்பை உய்த்துணர்க. அளவொப்பாயின், அஃது உயிர்க்குப் புறத்தே தானாக நிகழ்வதொரு கணக்கு. அதற்கு உயிர் செய்யத்தக்கது யாதும் இல்லை. என்றேனும் ஒருநாள் தட்டு நேர்நிற்கும் எனக் காத்திருப்பதே வாழ்க்கையாய் முடியும். அறிவொப்பாயின், ஒவ்வொரு நாளின் ஊதியமும் இழப்பும் அதற்குப் பயிற்சிக்களம் ஆகும். மலபரிபாகம் என்பது வாழ்நாளுக்கு அப்பால் எங்கோ நிகழ்வதன்று. உண்ணும் சோற்றிலும் வாங்கும் கூலியிலும் நிகழ்வது. மற்றொன்று: ஒப்பு என்றது ஒருவன் தன் வினைப்பயனைத் தான் நோக்கும் நோக்கை. பிறன் பசியைத் தன் கண் ஒப்ப நோக்கி வாளாவிருத்தல் அச்சொல்லின் பொருளாதல் எவ்வாற்றானும் இல்லை. சித்தியார் இறைவன் பணித்த அறங்களை எண்ணுமிடத்து அன்பும் அருளும் உபசாரமும் தானமும் எண்ணப்பட்டுள்ளன; இருவினையொப்பு எய்தியவர்க்கு இவை விலக்கு என்று ஓரிடத்தும் கூறப்படவில்லை.

இவ்விருவினையொப்பை ஒரு வரலாற்றில் வைத்துக் காணல் வேண்டின், குன்றத்தூர்ப் புலவரே அதற்குத் துணை. சோழன் அநபாயனுக்கு அமைச்சராயிருந்தவர் அவர். அநபாயன் என்றது 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனை. நாட்டின் வரவும் செலவும் அறிந்த அமைச்சர் பாடியதாகலின், பெரிய புராணத்தில் தொழிலும் கூலியும் வறுமையும் மேலெழுந்தவாரியாக அன்றி உள்ளறிந்து கூறப்படுகின்றன. கலிய நாயனார் புராணம் அதற்கு மிக்க சான்று. சிறிய புராணமாதலின் பலர் இதனை விரைந்து கடந்து செல்கின்றனர்; நின்று படிக்கத்தக்கது.

திருவொற்றியூரிற் சக்கரப்பாடித் தெருவில் செக்குத்தொழில் செய்யும் மரபிற் பிறந்த கலியர், பெருஞ்செல்வர். திருக்கோயிலில் எண்ணிறந்த விளக்குகளை அல்லும் பகலும் எரித்து வந்தார். நெடுநாள் அவ்வாறு எரிக்க, செல்வம் தேய்ந்து ஒழிந்தது. இவ்விடத்துச் சேக்கிழார் வைத்த உவமையே இக்கட்டுரைக்கு உயிர். அவருடைய இருவினை மாண்டது போல அவருடைய செல்வமும் மாண்டது என்பது அவ்வுவமை. உவமை உயர்ந்ததன்மேல் வரல் வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. கண்ணுக்குத் தோன்றும் பொருளழிவுக்குக் கண்ணுக்குத் தோன்றா வினையழிவு உவமையாயிற்று, உயர்ந்தது இதுவாகலின். "செல்வம் போயிற்று, என்ன பாவம் செய்தாரோ!" என்று தெருவார் சொல்லியிருப்பர். எத்தெருவினும் அவ்வாறுதான் சொல்லுவர். புராணமுடையார் அதனை முற்றும் மாற்றினார். செல்வம் போனது தீவினையின் வரவைக் காட்டிற்றில்லை. நல்வினை தீவினை இரண்டும் நீங்கியவரிடத்தே அது போயிற்று. அடியாரது செயலை உலகிற்குப் புலப்படுத்துவான் இறைவன் அருளால் நிகழ்ந்தது என்பதும் ஆண்டே குறிக்கப்பட்டது. ஆகவே ஒருவனுடைய பொருளிழப்பைக் கண்டு அவன் வினையின் தன்மையை அளக்கப் புகுவார், கலியரை எந்தத் தட்டில் இடுவர்?

அடுத்து நிகழ்ந்தன இக்காலத்தார் நன்கு அறிந்தவற்றை ஒத்தன. முதலிற் கலியர் தம் மரபிலுள்ள வளமுடையாரிடம் எண்ணெய் வாங்கிச் சென்று விற்று, அதற்குரிய கூலியைப் பெற்று விளக்கெரித்தார். பின்னர் அவர்கள் கொடாது மறுத்தனர். கலியர் மனந்தளர்ந்தார். தளர்ந்தார் என்பதைப் புலவர் மறையாது கூறுகின்றார். இருவினையொப்பு எய்தியவர் கல்லைப்போல் இருப்பர் என்று எண்ணுவார் இவ்விடத்தைக் காண்க. தளர்ந்தும் பணியை விட்டாரல்லர். செல்வராயிருந்தவர் பிறர் செக்கிற் கூலிக்கு நின்றார். செக்கைச் சேக்கிழார் சக்கர எந்திரம் என்கின்றார். எந்திரம் என்னும் சொல் குன்றத்தூரார்க்குப் புதிதன்று. எந்திரத்தின் முன் நின்று கூலிபெறும் தொண்டர் ஒருவரை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர்ப் புலவர் பாடிவிட்டார்.

அத்தொழிலும் எவ்வாறு நிகழ்ந்தது? செக்கு நிறைய எள்ளிட்டு, பதமறிந்து ஆட்டி, எருதையும் ஓட்டி மிக உழைத்தார் என்கிறது புராணம். பதமறிதல் தொழிலறிவு. "எப்படியும் கூலி வரும், கோயிலுக்குத்தானே" என்று அரைகுறையாக ஆட்டினாரல்லர். பிறனுக்குரிய எள்ளாயினும் அதன் பதம் கெடாமை காத்தார். செக்கடியிற் செய்ததைப் பணி என்றும், கோயிலிற் செய்ததைத் திருப்பணி என்றும் வழங்குகின்றார் சேக்கிழார். பெயர்கள் இரண்டாயினும் ஒரே கை செய்தது. முன்னதன் கூலி பின்னதற்கு எண்ணெயாயிற்று. இன்று தொழிற்சாலையிற் செய்வதையும் தமிழர் பணி என்றே வழங்குகின்றனர். வாழ்க்கைக்குப் பொருள் யாது என்று இளைஞர் வினவுமிடத்து, இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுதல் போதும்.

பின்னர் அக்கூலியும் கிடையாதாயிற்று. ஏன்? அவ்வேலை செய்வார் பலராயினர், அதனால் கிடைக்கவில்லை என்று உலகியற் காரணத்தையே சேக்கிழார் நேரே கூறுகின்றார். ஊழ்வலி என்றாரல்லர், முற்பிறப்பில் இன்னது செய்தார் என்று கதை கட்டினாரல்லர். வினைக்கொள்கையில் ஊறிய பெரும்புலவர், வேலையின்மைக்கு வேலையாட் பெருக்கத்தைக் காரணமாகக் கூறினார் என்பதைச் சைவப் பேச்சாளர் நெஞ்சில் நிறுத்துதல் நன்று. முதற்காரணம் ஒன்றிருக்க, உலகியற் காரணத்தை ஆராய்தல் சமயத்துக்கு மாறன்று. தொழிற்சாலை மூடப்பட்டதற்கு வரிவழக்கும் வாணிக மாற்றமும் காரணமாதலை ஆராய்வதும், இழந்தோர்க்கு உரியதைப் பெறுவிக்க முயல்வதும் வினைக்கொள்கையை மறுப்பதாகா.

அற்றேல், இருவினை மாண்ட கலியர்க்கு இத்துணைத் துன்பம் வந்தது எவ்வாறு எனின், கூறப்படும். சஞ்சிதம் ஞானாசிரியன் அருளால் எரிந்தொழியும்; ஆகாமியம் ஏறாது; பிராரத்தம் உடலுள்ளளவும் உடலூழாய் நின்று கழியும் என்பது நூல்முறை. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் நிற்றலைக் கூறுகின்றது. அங்ஙனம் நிற்பார்க்கு வரும் பசி உடலைத் தாக்கும். தாக்கினும் புதுவினைக்கு வித்தாகாது. எள்ளை வறுத்தபின் அது முளையாது, ஆயினும் உண்ணப்படும் அன்றோ! கலியர் வறுமையை நுகர்ந்தார். வறுமை காரணமாக ஒருவரையும் வெகுண்டாரல்லர், விளக்கையும் குறைத்தாரல்லர்.

இவ்வரலாற்றை ஒரகடத்தில் இரவு வேலை முடித்து விடியலில் கம்பெனி வண்டியில் வீடு திரும்பும் ஒருவனுக்குச் சொன்னால், அவன் முதலிற் கேட்பது பிறிதொன்றாக இருக்கும். "ஷிப்டு வாரந்தோறும் மாறுகின்றது, இருபொழுதும் பூசை என்றால் எப்பொழுது?" என்பான். வினா தக்கதே; ஏளனம் செய்தற்குரியதன்று. காலந்தவறாத சந்தியும் சிவபூசையும் தீக்கை பெற்றார்க்கு விதி. அவற்றைத் தளர்த்துக் கூறுதல் தகாது. ஆயின் விதி நிறைவேற்ற இயலாத நிலையில் உள்ளானுக்குத் தொண்டைநாட்டிலேயே ஒரு வழிகாட்டி உளர். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றிக் கோயில் எடுக்க இயலாராய், நெஞ்சினுள்ளே நாள் குறித்து, கல்லும் மரமும் தச்சரும் தேடி, அடிநிலை முதல் தூபி வரை நினைவினால் எடுத்து முடித்தார். காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளியின் பிரதிட்டைக்கு மறுநாள் குறிக்குமாறு இறைவன் கனவில் பணித்தான். பூசலார் குறித்த நாளையே தனக்குக் கொண்டான் என்பது கருத்து. இதில் நோக்கத்தக்கது, பூசலாரும் நாள் தவறினாரல்லர் என்பது. நெஞ்சினால் எடுப்பினும் முறைப்படி எடுத்தார். இரவிலும் உறங்காமல் எடுத்தார். "மனத்தில் நினைத்தாற் போதும்" என்று எளிதாக்கிக் கொள்ளுவார்க்கு இவ்வரலாறு இடந்தராது. இரவில் எந்திரத்தின் முன் நிற்பவன் திருவைந்தெழுத்தைக் கணிக்கலாம். வேலைக்குப் புறப்படுமுன் திருநீறு இடலாம். விடுமுறை நாளில் அண்மையிலுள்ள தளியில் திருவலகிடலாம். அவனுக்கு இயன்ற சரியை அதுவே. சரியையிலிருந்தே மற்றைப் படிகள் தொடங்கும்.

கூலியும் ஒழிந்தபின் கலியர் வீட்டுப்பொருள்களை விற்றார். பின்னர் மனைவியாரை விற்க முயன்று கொள்வாரைக் கண்டிலர். இவ்விடம் இக்காலத்தார்க்குப் பெரிதும் இடர்ப்பாடு தருவது. புராணம் அச்செயலைப் பிறர்க்கு விதியாகக் கூறவில்லை. வன்தொண்டின் எல்லையைக் காட்டுகின்றது. அதனை வழக்காக்க எண்ணினார் ஒருவரும் இலர். வேறு வழி யாதும் இன்றிப் படம்பக்க நாயகர் திருக்கோயிலை அடைந்து, விளக்குகளை வரிசையாகப் பரப்பி, திரியிட்டு, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே நிறைப்பதற்குக் கழுத்தை அரியப் புகுந்தார். இறைவன் திருக்கை எதிர்வந்து அக்கையைப் பற்றிற்று. உற்ற ஊறும் நீங்கிற்று.

அக்கை தடுத்தது ஏன் என்று வினவி, கலியரின் பிராரத்தம் அக்கணத்தோடு முடிந்தது என்று விடை கூறுவாரும் உளர். புராணத்தில் அதற்கு ஆதாரமில்லை. தம் நாயகர் திருவிளக்குப் பணி முட்டினால் இறத்தலே தக்கது என்று கலியர் துணிந்தார். பணி கொண்டவன் பணியாளனை இழக்கச் சம்மதித்திலன் என்றே கதை செல்லுகின்றது. முன்பு எண்ணெய் கொடாது மறுத்த வளமுடையார் பெயர்கள் அப்புராணத்தில் இல்லை. கலியர் பெயர் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய திருத்தொண்டத்தொகையுள் இருக்கின்றது. அவர் குருபூசை ஆண்டுதோறும் ஆடித்திங்கட் கேட்டை நாளில் நிகழ்த்தப்படுகின்றது.